பதினோரு மணித் தேர்வும் பூட்டுக்காரர் கைபேசியும்

அத்தியாயம் 14

இந்தக் காலத்தில் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே இருப்பவருக்குப் போன் போட்டு, "வெளியிலதான் நிக்கிறேன், திற" என்கிறார்கள். கை எதற்கு இருக்கிறது? கதவு எதற்கு இருக்கிறது? இரண்டு தட்டுத் தட்டினால் விரல் தேய்ந்து போய்விடுமா? சரி, வெளியே நின்று கூப்பிடுகிறவனையாவது மன்னித்துவிடலாம். கூப்பிடாமல், கேட்காமல், ஒரு கனைப்புக்கூட இல்லாமல் நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறவனை என்ன செய்வது?

பூட்டுக்காரர் அப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

இது நடந்தது அன்று காலை ஏழேகாலுக்கு. நடந்த இடம், அவருடைய கைபேசிக்குள்.

அந்தக் கைபேசியை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் சின்ன மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; குடியிருப்பது வேறு தெருவில். அந்த வீட்டுக்கு இணையம் என்று தனியாகக் கம்பி எதுவும் கிடையாது. பூட்டுக்காரர் கைபேசியில் ஹாட்ஸ்பாட் என்று ஒன்றைத் திறந்துவிட்டால் வீடு முழுக்க அதில்தான் பிழைக்கும். ஒரே தொட்டியில் எல்லாரும் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி என்று மகள் விளக்கியிருந்தாள். பூட்டுக்காரருக்கு அந்த விளக்கம் போதவில்லை. தொட்டி என்றால் மூடி இருக்கும். மூடிக்குக் கொண்டி இருக்கும். இதற்கு என்ன இருக்கிறது?

தோண்டித் துருவி அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தால், யார் யார் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். பேரின் மேல் விரலை வைத்தால் 'தடு' என்று ஒரு பொத்தான் வரும். நாற்பத்திரண்டு வருஷம் பூட்டோடும் சாவியோடும் காலம் தள்ளிய மனிதர். அந்தக் கைபேசியிலேயே அவருக்குப் பிடித்தது அந்த ஒரு பொத்தான்தான்.

அன்று காலை பட்டியலில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஏதோ நீளமாக ஓர் ஆங்கில வார்த்தை; பின்னால் கே 7 409 ஜே.

பூட்டுக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலம், சாவித் தலையில் அடித்திருக்கும் எழுத்தும் எண்ணும்தான். ஆனால் அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு சாவி எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால் பத்து வருஷம் கழித்து எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கே 7 409 ஜே. இந்த வீட்டில் யாருக்கும் அப்படிப் பேர் இல்லை.

"பேரு சொல்லாம நம்பர் சொல்றவன் யாரு? ஜெயில்ல இருக்கிறவன்தான்," என்று வாய்விட்டே சொன்னார். பொத்தானை அழுத்தினார். ஆள் காலி. அன்றைக்கு டீ தனி ருசியாக இருந்தது.

இந்தச் சாதனையைச் சொல்ல வீட்டில் யாரும் கையில் கிடைக்கவில்லை. அவர் மனைவி பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மகன் லாரியில் சரக்கோடு வெளியூர் போயிருந்தான். மருமகள் குளியலறையில் இருந்தாள்.

நடுவில் ஒரு வாரம் விட்டு வாசிக்கிறவர்களுக்காக மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கையால் பேசுகிறவள். வாய் பேசாது என்று அர்த்தமில்லை. வாயும் நன்றாகவே பேசும். அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு பேசிப் பேசிச் சைகை மொழி அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு வருஷமாக அந்தச் சான்றிதழ் அலமாரியில் தூங்கியது. இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், காது கேளாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் எடுக்கிறார்கள். எண்பது பேர் மனுப் போட்டு, ஆறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆறில் இவள் ஒருத்தி.

தேர்வு இன்று பதினோரு மணிக்கு, மடிக்கணினித் திரையில் முகம் பார்த்து. கடிதத்தில் இரண்டு நிபந்தனைகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கைபேசியில் வந்தால் ஏற்கமாட்டோம், கை முழுதாகத் தெரியாது. பத்து நிமிஷம் தாமதமானால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம்.

மகன் நேற்று சாயங்காலம் கூட்டாளி ஒருவனிடம் இரவல் வாங்கிவந்த மடிக்கணினியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினான். மருமகள் காலை ஏழு மணிக்கு அதை மாமனாரின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. "அப்பாடா" என்று அதை மூடிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பூட்டுக்காரர்தான் ஊகிக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மருமகள் தயாராகி வந்து உட்கார்ந்தாள். வேலைக்கென்று வைத்திருந்த அடர்நீலச் சட்டை. கையில் மோதிரம்கூட இல்லை. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அதற்காகவே காலண்டரை நேற்றே கழற்றிவிட்டாள். விரல்களை நீட்டி மடக்கிச் சூடேற்றிக்கொண்டாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

இணைக்க முடியவில்லை என்றது அது.

"மாமா, ஹாட்ஸ்பாட் ஆன்லதானே இருக்கு?"

"திறந்துதாம்மா கிடக்கு."

மறுபடி சேர்த்தாள். இணைக்க முடியவில்லை. கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். இணைக்க முடியவில்லை. மடிக்கணினியை அணைத்து உயிர்ப்பித்தாள். அது எழுந்திருக்கவே ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டு, எழுந்ததும் அதையேதான் சொன்னது. அவளுடைய கைபேசி மட்டும் அதே ஹாட்ஸ்பாட்டில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் போனுக்கு வருது. இதுக்கு மட்டும் வரமாட்டேங்குது. காலையில வந்துதே மாமா! நல்லா வந்துதே!"

"இரவல் சாமான். அதுக்கு என்ன கோளாறோ," என்றார் பூட்டுக்காரர், மனதார.

அவள் முகத்தைப் பார்த்தார். பத்தடிக்க ஐந்து நிமிஷம். பின்பக்கம் போய்ச் சின்ன மகளுக்குப் போன் போட்டார்.

"நீ உடனே கிளம்பி வா."

"அங்கேயா? நான் வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"அவளுக்காக வராதே. எனக்காக வா. நீ வாங்கிக் குடுத்த போனுதான் தகராறு பண்ணுது."

சின்னவளுக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று அன்றோடு பதினாறு நாள். சின்னவள் போன் கம்பெனியின் டவர் அந்தத் தெருவுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் ஹாட்ஸ்பாட்டில்தான் சேர்ந்துகொள்வாள். போன தடவை வந்தபோது சேரவில்லை. "நான் வர்றேன்னு தெரிஞ்சே பாஸ்வேர்டை மாத்தி வெச்சிருக்காங்க" என்று அவள் சொல்ல, "மாத்தறதுக்கு அது என்ன என் போனா?" என்று மருமகள் திருப்ப, அங்கிருந்து கிளம்பிய பேச்சு மருமகள் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாசம்வரை போய்த் திரும்பியது. அன்று சாத்திய கதவு அது.

பத்து இருபதுக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. சின்னவள் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். அண்ணியைப் பார்க்காமல் மடிக்கணினியை மட்டும் பார்த்தாள்.

"அப்பா, அவங்க பாஸ்வேர்டைச் சரியாப் போட்டாங்களான்னு கேளுங்க."

மருமகள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்வேர்டு சரியாப் போட்டியாம்மா?"

"நாலு தடவை போட்டாச்சு மாமா. நான் மாத்தினதும் இல்ல, மறைச்சதும் இல்லன்னு சொல்லுங்க."

"நாலு தடவை போட்டாளாம். மாத்தினதும் இல்ல..."

"கேட்டுது."

"கேட்டுதுன்னா என்னை எதுக்குடி நடுவுல நிறுத்தறீங்க? நான் என்ன தபால் பெட்டியா?"

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தபால் பெட்டி தன் வேலையைத் தொடர்ந்தது.

"இந்த ஹாட்ஸ்பாட்டை ஒருதடவை மறந்துட்டு, முதல்லேர்ந்து சேரச் சொல்லுங்கப்பா. மறன்னு ஒரு பட்டன் இருக்கும்."

"மறந்தாச்சு மாமா. மறக்காதவங்க வேற யாரோ."

சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது. அப்பாவின் கைபேசியை வாங்கினாள். அணைத்துப் போட்டாள். பேட்டரி சிக்கனம் என்று இருந்ததை எடுத்துவிட்டாள். இன்னொரு பக்கத்துக்குள் போய் ஏதோ எண்ணை மாற்றினாள்.

"அஞ்சுல இருந்தது. ரெண்டு புள்ளி நாலுக்கு மாத்தறேன். பழைய கம்ப்யூட்டருக்கு அஞ்சு பிடிபடாது."

"அப்ப அஞ்சு பெரிசா?"

"பெரிசு சின்னது இல்லப்பா. வேற ரோடு."

வேறு ரோட்டிலும் வண்டி ஓடவில்லை. இணைக்க முடியவில்லை.

"கம்பி போட்டே சேர்க்கலாம். போன் சார்ஜர் ஒயரைக் கொண்டாங்க."

பூட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. கம்பி என்றால் நம்பலாம். இந்த முனையில் இவன், அந்த முனையில் அவன். நடுவில் எவன் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஓடிப்போய் எடுத்துவந்தார். அது மூலைக் கடையில் கிடைத்த விலைமலிவான ஒயர். கரண்ட் மட்டும்தான் போகும், வேறு ஒன்றும் போகாத ஜாதி. இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டுச் சின்னவள் அதைச் சுருட்டிக் கொடுத்தாள்.

"இது சார்ஜுக்கு மட்டும்தான்பா."

"கம்பியிலயுமா ஏமாத்தறானுங்க?" என்றார்.

மணி பத்து முப்பத்தைந்து. சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க கடையில நெட் இருக்கு. வேணும்னா வரச் சொல்லுங்க. வண்டியில அஞ்சு நிமிஷம்."

அது அவள் வாயிலிருந்து வந்ததே பெரிய விஷயம். மருமகளும் அதைக் கவனித்தாள். குரல் ஒரு படி இறங்கியது.

"வரலாம் மாமா. ஆனா அங்க சுத்திச் சுத்திக் கண்ணாடி. ஒரு கையைத் தூக்கினா எட்டுக் கை தெரியும். பார்க்கிறவங்க எந்தக் கை பேசுதுன்னு தேடணும்."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, வேறு எதற்கா என்று பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

"சரி, கடைசியா ஒண்ணு. இந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ளுக்குள்ள ஒரு பேர் இருக்கும். அது போன்ல வருதான்னு பார்ப்போம்." அவளே குனிந்து திரையில் தேடினாள். கண்டுபிடித்து உரக்க வாசித்தாள். "டெஸ்க்டாப்... கே ஏழு... நானூத்தி ஒன்பது... ஜே."

பூட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

கே 7 409 ஜே.

"அந்தப் போனை இப்படிக் குடு," என்றார். மகள் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"அப்பா! போனை எங்க எடுத்துட்டுப் போறீங்க? அப்பா!"

"டவர் பார்க்கிறேன்."

துணி துவைக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு பக்கத்தைத் திறந்தார். பட்டியலில் மருமகள் கைபேசி மட்டும் இருந்தது. ஜெயில்காரனைக் காணோம். காணாமல் போகத்தானே அவர் தள்ளினார்? தள்ளியவனைத் திரும்பக் கூப்பிட எங்கே அழுத்துவது? மேலே தட்டினார். கீழே தட்டினார். எங்கேயோ போய்த் திரையின் எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது. துவாரத்துக்குள் சாவி உடைந்த பூட்டு, துரு ஏறிப் பத்து வருஷம் கிடந்த பூட்டு, திருடன் நெம்பிக் கெடுத்த பூட்டு, எல்லாம் திறந்த கை அது. தான் போட்ட பூட்டைத் தானே திறக்கத் தெரியாமல் வியர்த்துக்கொண்டு நின்றது.

ஒரு யோசனை வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? டவர் இல்லை. இரவல் சாமான் கோளாறு. யாருக்குத் தெரியும்? இந்த வீட்டில் அவரைச் சந்தேகப்பட ஒரு ஜீவன் கிடையாது. எல்லாரையும் சந்தேகப்படுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. மருமகள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒத்திகை பார்ப்பதுபோல் கையை அசைத்துக்கொண்டிருந்தாள். வலி, எங்கே, எத்தனை நாளாக, மூச்சு விடு, மூச்சை நிறுத்து. மூன்று வாரமாக அடுப்படியில் நின்றபடி அவள் பழகியதில் அந்த ஐந்தாறு சொற்கள் அவருக்கே பாடமாகியிருந்தன. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். கை பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூடிக்கொண்டாள்.

பூட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"நான்தான் பூட்டினேன்."

"எதைப்பா?"

"அவனை. அந்தக் கே ஏழு நானூத்தி ஒன்பது ஜே. காலையில போனுக்குள்ள உட்கார்ந்திருந்தான். எவனோ திருட்டுப்பயன்னு நினைச்சு வெளிய தள்ளிட்டேன். இப்ப திறக்கத் தெரியல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கைபேசியை மகளிடம் நீட்டினார். "திட்டறதா இருந்தா அப்புறமா திட்டுங்க. இப்ப மணி ஆகுது."

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். சின்னவளுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. பரபரவென்று தட்டினாள். ஒரு மூலையில் மூன்று புள்ளி. அதற்குள் 'தடுக்கப்பட்டவை' என்று ஒரு பக்கம். திறந்தது.

இரண்டு பேர் இருந்தார்கள்.

முதலாவது, கே 7 409 ஜே. இரண்டாவதைப் பார்த்துச் சின்னவள் கண்ணைச் சுருக்கினாள். தன் கைபேசியை எடுத்து அதன் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தாள்.

"அப்பா... இது என் போன்."

"இருக்காது."

"என் போனுதாம்பா! என்னையும் பூட்டி வெச்சிருக்கீங்க!"

"உன் பேரு அதுல இல்லையே? அதுவும் நம்பர்தானே போட்டிருந்தது? நம்பர் போட்டவனையெல்லாம்..." பூட்டுக்காரர் நிறுத்தினார். கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெண்களுக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்தது. பதினாறு நாளைக்கு முன்னால்.

மருமகள் சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக வந்தது; அப்புறம் அடக்க முடியாமல் வாய் வழியாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி," என்றாள் சின்னவள். முகம் சிவந்துபோயிருந்தது. "அண்ணி, நான் அன்னிக்கு என்னென்னவோ..."

"அதெல்லாம் அப்புறம் பாப்பா. முதல்ல ஜெயில்ல இருக்கிறவரை வெளிய விடு. மணி பத்து நாற்பத்தெட்டு."

பதினாறு நாளில் தபால் பெட்டி இல்லாமல் போன முதல் பேச்சு அது.

இரண்டு தடையையும் எடுத்தார்கள். மடிக்கணினி கொஞ்சம் யோசித்தது. இணைக்கிறது என்றது. இன்னும் யோசித்தது. மூன்று பேரும் அதை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். இணைந்தது!

சின்னவள் கைதட்டினாள். பூட்டுக்காரர் தட்டவில்லை, ஆனால் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இன்னும் வேலை முடியல. உங்க சிம் பழசு. நடுவுல கால் வந்து எடுத்துட்டா நெட் நின்னுடும். அண்ணி படம் அப்படியே உறைஞ்சு போயிடும். அதனால இதைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்காருங்க. யாரு கூப்பிட்டாலும் சிவப்பை அழுத்தணும். புரியுதா?"

"யாரு கூப்பிட்டாலுமா?"

"அண்ணனே கூப்பிட்டாலும்."

பதினோரு மணிக்கு அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, கைபேசியைத் தொடைமேல் வைத்துக் காவல் காத்தார். சின்னவள் காதைக் கதவில் ஒட்டவைத்துவிட்டு உடனே எடுத்தாள்.

"ஒண்ணுமே கேட்கலப்பா."

"கையால பேசற பரீட்சையில காதை வெச்சா என்னடி கேட்கும்?"

ஐந்தாவது நிமிஷம் கைபேசி துடித்தது. பல் டாக்டரம்மா. பூட்டுக்காரர் அவளுடைய மருத்துவமனைக் கதவுக்கு மூன்று முறை சாவி செய்துகொடுத்திருக்கிறார், மூன்றையும் தொலைத்தவள். இந்த நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றால் நாலாவது போயிற்று என்று அர்த்தம். வாசலில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சாவியில்லாமல் வெளியே நின்று கூப்பிட்ட எவரையும் அவர் இதுவரை மறுத்ததில்லை. மழையில் போயிருக்கிறார். காய்ச்சலில் போயிருக்கிறார். விரல் தானாகப் பச்சைப் பக்கம் போனது. நிறுத்தினார். சிவப்பை அழுத்தினார்.

மறுபடி துடித்தது. சிவப்பு. மறுபடியும் துடித்தது.

"அந்தம்மாவுக்குப் பல்லு வலி வந்தாத்தான் தெரியும்," என்று முனகிக்கொண்டே அழுத்தினார்.

சின்னவள் தன் கைபேசியை எடுத்தாள். அது இப்போது அப்பாவின் ஹாட்ஸ்பாட்டில் ஜம்மென்று சேர்ந்திருந்தது. "நான் மெசேஜ் போடறேன்பா. இருபது நிமிஷத்துல வருவார்னு."

"முப்பதுன்னு போடு. உள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ."

கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்தார். திரையில் மூன்று தலைகள் தெரிந்தன. இரண்டு பெண்கள், கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பக்கவாட்டில் மருமகளின் தோளும் இரண்டு கைகளும் தெரிந்தன. அடுப்படியில் பழகும்போது அவர் இதை ஈ ஓட்டுகிற மாதிரி என்று கேலி செய்ததுண்டு. இப்போது பார்த்தார். பத்து விரலும் பத்துத் திசையில் பாய்ந்தன. ஒன்றும் ஒன்றின்மேல் இடிக்கவில்லை. நாலு லீவர் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற கைதான் அப்படிப் போகும். திரையில் இருந்த கண்ணாடிக்காரர் ஏதோ கேட்டார். மருமகள் பதில் சொல்ல, மூன்று தலையும் ஒரே சமயத்தில் சிரித்தன.

"சிரிக்கிறாங்க," என்று மகளுக்கு அஞ்சல் செய்தார்.

"நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?"

"மூணு பேருக்கும் பல்லு நல்லா இருக்கு."

கடைசியில் நடுவில் இருந்த பெண் கையால் நீளமாக என்னவோ சொன்னாள். மருமகளின் கைகள் முதல்முறையாக நின்றன. அவள் திரும்பவில்லை; ஆனால் தோள் விறைத்தது கதவிடுக்கிலேயே தெரிந்தது. அந்தப் பெண் காத்திருந்தாள். மருமகள் தலையை ஆட்டினாள். ஒருமுறை, பெரிதாக, சந்தேகமில்லாமல்.

திரை இருண்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவளைச் சின்னவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க!"

"கிடைச்சிடுச்சுன்னுதான் நினைக்கிறேன் பாப்பா. ஒரு மணி நேரத்துல மெயில் அனுப்பறாங்களாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. "நடுவுல ஒரு இடத்துலகூட அறுந்து போகல மாமா. படம் கண்ணாடி மாதிரி இருந்தது."

"அது இருக்கட்டும்மா. கடைசியில எதுக்குத் தலையாட்டினே?"

மருமகளின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நகர்ந்தது. "உங்க பிள்ளை திங்கக்கிழமை வரட்டும் மாமா. வந்ததும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்."

சின்னவள் அவளைக் குறுகுறுவென்று பார்த்தாள். மருமகள் இடுப்புக்குக் கீழே, மாமனாருக்கு மறைவாக என்று நினைத்துக்கொண்டு, கையை இரண்டு முறை அசைத்தாள். சண்டைக்கு முன்னால் சின்னவள் அண்ணியிடம் கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டிருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லப்பா."

"ரெண்டு பேரும் பேசாம இருந்தப்போ எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. இப்ப சேர்ந்துக்கிட்டீங்க, எனக்கு ஒண்ணும் தெரியல," என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பல் டாக்டரம்மா காத்துக்கொண்டிருக்கிறாள். கைபேசியை மேஜைமேல் வைத்தார். மெயிலோ என்னவோ வரும்; இது இங்கேயே கிடக்கட்டும்.

"அப்பா, இனிமே எதையாவது தடுக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமாவது நம்பறீங்களா?"

"எதை நம்பணும்?"

"இதெல்லாம் நிஜம்னு. அண்ணிக்கு வேலை கிடைக்கப் போகுதுன்னு."

பூட்டுக்காரர் வாசற்படியில் நின்று யோசித்தார்.

"மூணு தலையைப் பார்த்தேன். தோளுக்குக் கீழே ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. எந்த ஊரு, என்ன கட்டடம், பின்னால கதவு இருக்கா ஜன்னல் இருக்கா, ஒண்ணும் தெரியல. ஒரு ஆளை வேலைக்கு எடுக்கிறவன் நேர்ல வந்து முகத்தைப் பார்க்கமாட்டானா? இவளும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, தலையை மட்டும் ஆட்டியிருக்கா."

"மாமா, ஆஸ்பத்திரி லெட்டரே இருக்கு. முத்திரையெல்லாம் போட்டு."

"முத்திரை நானும் செய்வேன். ரெண்டு நாள் டைம் குடு."

பின்னால் இருவரும் சிரித்த சத்தம் தெருவரை வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய தலையாட்டலை எதற்குத் திங்கள்கிழமைவரை மூடிவைக்க வேண்டும்? சின்னவள் ஏன் வாயைப் பொத்தினாள்? பையில் கருவிகள் குலுங்கக் குலுங்க நடந்தார்.

"வேலையாம். மெயிலாம். வரட்டும், பார்க்கலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூலை திரும்பினார்.